சமுதாயக் கல்லூரியில் மகளிரியல்: கலிபோர்னிய மாலை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் உள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் மகளிரியல் அறிமுகப் பாடத்தை மாலை வகுப்பாக, நேரில் சென்று படித்து முடித்தேன். அதே துறையின் அடுத்த பாடத்தில் சேரவும் முயன்றேன். கற்பித்தல் மிக உயர்ந்த தரத்தில் இருந்தது. பாடத்திட்டம் அமெரிக்க வரலாற்றில் ஆழமாகவும் ஆசியாவைப் பொறுத்தவரை மெலிந்தும் இருந்தது. கல்லூரி நிர்வாகம் இந்தத் துறைக்குக் கொடுக்கும் இடம் அதன் தகுதிக்குப் போதாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகும், இங்கே வாழும் தமிழர்களுக்கு, குறிப்பாகக் கணவரின் வேலையை ஒட்டி இந்நாட்டுக்கு வந்த பெண்களுக்கு, இப்பாடத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கல்லூரியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல, அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டை ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் பல நேரங்களில் தாழ்வாக எடைபோடுகிறார்கள். இது நான்காண்டுப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் அன்று; முதல் இரண்டு ஆண்டுகளுக்கான கல்லூரிப் பாடங்களையும் தொழிற்பயிற்சியையும் தரும் பொதுக் கல்லூரி. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இவ்வகைக் கல்லூரி, 1910இல் ஃபிரெஸ்னோ வழியாகக் கலிபோர்னியாவுக்கு வந்தது. இன்று இம்மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்தவரோ 18 வயது நிறைந்தவரோ சேரலாம். செமஸ்டர் முறையில் இயங்கும் கல்லூரிகளில் மாநிலக் குடியிருப்பாளருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் கட்டணம். எனவே மூன்று யூனிட் கொண்ட இந்த அறிமுகப் பாடத்துக்கு 138 டாலர். அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம், மாணவர் கட்டணம் போன்ற சில சிறு தொகைகள். வருமானம் குறைந்த குடியிருப்பாளர்கள் விண்ணப்பித்தால் யூனிட் கட்டணமே தள்ளுபடி ஆகும்.

விசா பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் நம் பெண்கள் பலர் இந்த இடத்திலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ தரப்படும் விசா) இருப்பவர் படிப்பதற்காக மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. பகுதிநேரமாகவோ முழுநேரமாகவோ படிக்கலாம். ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்து, இம்மாநிலத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டதற்கான ஆவணங்களைக் காட்டினால், எச்-4 விசாக்காரரும் குடியிருப்பாளர் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். அந்தத் தகுதி இல்லையென்றால் கட்டணம் பல மடங்காகிவிடும். ஆகவே வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் உங்கள் பெயரும் இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஆவணமும் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும் வீடுகளில், அவரோடு அதே கூரையின்கீழ் வாழ்ந்த பெண் தான் இங்கே வசித்தேன் என்று நிறுவுவதற்கே அலைய நேரிடுகிறது. அந்த அலைச்சலே மகளிரியலில் ஒரு பாடம் என்பதைப் பிற்பாடு வகுப்பில் உணர்ந்தேன்.

இந்த வகுப்பின் முதல் சிறப்பு அதில் அமர்ந்திருந்தவர்கள். பல்கலைக்கழக வகுப்பில் பெரும்பாலும் ஒரே வயதினர் இருப்பார்கள். இங்கே பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் பதினேழு வயதுப் பெண், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் பிலிப்பினோ உதவியாளர், இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் மெக்சிக வம்சாவளித் தாய், இராணுவத்திலிருந்து திரும்பிய இளைஞர், பணி ஓய்வு பெற்ற வெள்ளையினப் பெண்மணி ஆகியோர் ஒரே வரிசையில் இருந்தார்கள். 1974ஆம் ஆண்டின் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தைப் பற்றி ஆசிரியர் பேசியபோது, அதற்கு முன்பு திருமணமான பெண்ணுக்குக் கடன் அட்டை கொடுக்க நிறுவனங்கள் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் இருந்ததைச் சொன்னார். உடனே அந்த ஓய்வு பெற்ற அம்மையார் எழுந்து, தாம் சம்பாதித்து வந்த நாளிலும் தம் பெயரில் அட்டை வாங்க முடியாமல் போனதை விவரித்தார். பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துபோகும் ஒரு செய்தி எங்கள் முன்னால் ஓர் ஆளாக நின்று பேசியது. இதை வேறு எந்த உயர்கட்டணக் கல்லூரியும் விலைக்கு வாங்கித் தந்துவிட முடியாது.

பாடத்தின் தரத்தைக் காட்ட நான் எடுத்துச் சொல்ல விரும்புவது, சோஜர்னர் ட்ரூத் பற்றிய வகுப்பு. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற இவர், 1851 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் ஆற்றிய உரை, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்த ஒன்று. 'நானும் ஒரு பெண் இல்லையா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த வடிவத்தை ஆசிரியர் முதலில் படிக்கச் செய்தார். அடுத்ததாக, அந்த மாநாடு நடந்த சில வாரங்களுக்குள் மேரியஸ் ராபின்சன் என்பவர் அடிமை ஒழிப்பு இதழில் வெளியிட்ட வடிவத்தைக் கொடுத்தார். அதில் அந்தக் கேள்வியே இல்லை. புகழ்பெற்ற வடிவம், மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் என்ற பெண்மணி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல், எழுதி வெளியிட்டது. கேஜ் அதில் ட்ரூத்துக்குத் தென்மாநில அடிமைகளின் பேச்சுவழக்கைக் கொடுத்திருக்கிறார். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழியை முதல் மொழியாகப் பேசி வளர்ந்தவர்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் யாருடையது, எதற்காக மாற்றப்பட்டிருக்கும் என்று எங்களை எழுதச் சொன்னார் ஆசிரியர். ட்ரூத்தின் மீது மதிப்பு கொண்ட ஒருவரே அவர் பேச்சைத் தம் தேவைக்கேற்ப வார்த்தெடுத்திருக்கிறார் என்பதை நாங்களே கண்டடையும்படி அந்த வகுப்பு அமைந்தது. எழுத்தறிவு பெறாத ஒரு பெண்ணின் குரல் பிறர் கையால் எழுதப்பட்டுத்தான் நம்மை வந்தடைகிறது என்ற செய்தியை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் தொகுத்தவர்கள் பலரும் படித்த ஆண்கள் என்பதை அன்று வகுப்பில் சொன்னேன். அதை ஆசிரியர் பலகையில் எழுதி, அடுத்த வாரம் அதைப் பற்றித் தனியே பேச எனக்கு நேரம் ஒதுக்கினார்.

இனம், பால் போன்ற ஒடுக்குமுறைகள் ஒருவர் மீதே ஒன்றுசேர்ந்து அழுத்துவதைப் பற்றிச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா முன்வைத்த கருத்தையும் ஆசிரியர் வெறும் வரையறையாகக் கற்பிக்கவில்லை. அதற்கு மூலமான வழக்கிலிருந்து தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு 1976இல் தீர்ப்பானது. 1964க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு ஆள்குறைப்பு வந்தபோது, பணிமூப்பு இல்லை என்ற காரணத்தால் அவர்களே முதலில் வெளியேற்றப்பட்டார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்ததால் பால் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். 1964க்கு முன்பு அப்படி வேலையில் இருந்த பெண்கள் அனைவரும் வெள்ளையினத்தவர். இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கில் சேர்ந்துகொள்ளலாம் என்றும், இரண்டையும் இணைத்துக் கேட்க இயலாது என்றும் சொல்லிவிட்டது. 1989இல் கிரென்ஷா எழுதிய கட்டுரை இந்த இடைவெளியைத்தான் சுட்டிக்காட்டியது. வழக்கின் விவரத்தைப் படித்த பிறகு, சாதியும் பாலும் ஒருங்கே அழுத்தும் ஒரு தலித் பெண்ணின் நிலையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மிக நெருக்கமாக வந்த பாடம் குடியுரிமை பற்றியது. 1907ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். வெளிநாட்டுப் பெண்ணை மணந்த அமெரிக்க ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த எதெல் மெக்கன்சி, பிரிட்டிஷ் பாடகர் ஒருவரை மணந்தவர். 1911இல் கலிபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த பிறகு, அதற்காகப் பாடுபட்ட இவர் தம் பெயரைப் பதிவு செய்யப் போனார். நீங்கள் அமெரிக்கரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உச்சநீதிமன்றம் 1915இல் அந்த முடிவையே உறுதி செய்தது. 1922இல் வந்த கேபிள் சட்டம் இதை ஓரளவு மாற்றியபோதும், குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட ஆசிய ஆணை மணந்தவளுக்கு விலக்கு அளிக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில் 1923இல் வந்த தீர்ப்பு இந்தியர்களையும் அந்தத் தகுதியற்றோர் பட்டியலில் சேர்த்தது. இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்ணும் தன் குடியுரிமையை இழக்கும் நிலை, 1931இல் அந்தப் பிரிவு நீக்கப்படும்வரை இருந்தது.

இதைப் படித்த அறையில் எச்-4 விசாவில் அமர்ந்திருந்த நான், என் சட்ட அடையாளமும் ஒருவரின் மனைவி என்ற ஒரே சொல்லில் தங்கியிருப்பதைப் புதிய கண்ணோடு பார்த்தேன். கணவரின் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் எச்-4 மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதி 2015 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வந்த எத்தனையோ பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆசிரியைகளும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். அந்த வெறுமையைத் தம் தனிப்பட்ட தோல்வியாக எண்ணி வருந்திய பெண்களை நான் அறிவேன். அது சட்டத்தால் உண்டாக்கப்பட்ட நிலை. அதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. முன்பு வேறு பெண்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரு மாலைநேர வகுப்பு எடுத்துச் சொன்னது என்பதற்காகவே அந்தக் கட்டணத்தை நான் பத்து முறை கட்டியிருப்பேன்.

பயிற்சிகளில் பயனுள்ளதாக இருந்தது நேரக் குறிப்பேடு. ஒரு வாரம் முழுவதும் வீட்டில் யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று எழுத வேண்டும். வீட்டுவேலைப் பகிர்வை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட முடிவுகளையும், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2003 முதல் நடத்தும் நேரக் கணக்கெடுப்பையும் எங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்டோம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நான் கொண்டுசென்றேன். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அதில் உள்ளது. வேலையைச் செய்யும் நேரம் குறிப்பேட்டில் வந்துவிடுகிறது. செய்ய வேண்டியதை நினைவில் சுமக்கும் நேரம் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை என்று இரவுப் பணி பார்த்த அந்தப் பிலிப்பினோப் பெண் சொன்னதை வகுப்பே ஒப்புக்கொண்டது.

உடல்நலம் பற்றிய பகுதி கடினமானது, ஆனால் தவிர்க்கக் கூடாதது. கலிபோர்னியா 1909 முதல் 1979 வரை நடைமுறையில் வைத்திருந்த சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 20,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் மெக்சிக வம்சாவளிப் பெண்களிடம் பிரசவ வலியின் நடுவே ஆங்கிலப் படிவங்களில் ஒப்புதல் வாங்கிக் கருத்தடை செய்த வழக்கில், 1978இல் நீதிபதி மருத்துவர்களின் பக்கமே தீர்ப்பளித்தார். ஆயினும் அந்தப் போராட்டத்தின் விளைவாக ஒப்புதல் முறைகள் மாறின. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையின் பாரம் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்ததை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அது குறித்து என் அம்மாவின் தலைமுறையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்று எனக்குத் தெரிய வந்தது இங்கேதான்.

இத்தகைய பாடங்கள் வகுப்பில் உள்ளவர்களின் சொந்தக் காயங்களைத் தொடும். ஆசிரியர் அதைக் கையாண்ட விதம் பாராட்டத்தக்கது. மாணவர் ஒருவர் தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொன்னால், கல்லூரி விதிப்படி தாம் அதைப் பாலினச் சமத்துவ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். யாரிடம் சொன்னால் இரகசியம் காக்கப்படும் என்ற விவரத்தையும் சேர்த்தே கொடுத்தார். அவர் தந்த உதவி அமைப்புகளின் பட்டியலில் தெற்காசியப் பெண்களுக்காக இப்பகுதியில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மைத்ரி, நாரிகா ஆகியவையும் இருந்தன. கட்டுரைகளைத் திருத்தும்போது ஆங்கிலப் பிழைக்காக மதிப்பெண்ணை வெட்டாமல், வாதம் எங்கே தளர்கிறது என்று ஓரத்தில் எழுதித் தருவார். ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு இது பெரிய துணை. கல்லூரியின் எழுத்துப் பயிற்சி மையமும் இலவசம். அங்கே பொறுமையாக உட்கார்ந்து படித்துக் காட்டுகிறார்கள்.

இனிக் குறைகள். பாடத்திட்டம் 1848 ஜூலையில் நியூயார்க்கின் செனகா ஃபால்ஸ் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் தொடங்குகிறது. அதே 1848இல் புனே நகரில் சாவித்ரிபாய் பூலேயும் ஜோதிராவ் பூலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்துப் பருவத்தின் இறுதியில் ஒரே ஒரு வாரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வாரத்தில் இந்தியா வரதட்சணையாகவும் குழந்தைத் திருமணமாகவும் மட்டுமே தோன்றியது. முத்துலட்சுமி ரெட்டி இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இல்லை. சடங்கு மறுத்த சுயமரியாதைத் திருமணங்களும் அவற்றுக்கு 1967இல் தமிழ்நாடு சட்ட ஏற்பு வழங்கியதும் இல்லை. மூன்றாம் உலகப் பெண்ணை ஒரே முகமுள்ள அபலையாகச் சித்திரிக்கும் மேற்கத்திய எழுத்துகளைப் பெண்ணிய அறிஞர் சந்திரா தல்பதே மொகந்தி 1980களிலேயே கடுமையாக விமர்சித்திருக்கிறார். அவருடைய கட்டுரை விருப்பப் பாடமாக அதே வாரத்தின் கடைசியில் வைக்கப்பட்டிருந்தது. அதை முதலில் படிக்க வைத்திருந்தால் அந்த வாரமே வேறுவிதமாக அமைந்திருக்கும்.

சாதி என்ற சொல் பாடத்திட்டத்தில் எங்கும் வரவில்லை. இந்த வகுப்பிலிருந்து பலர் மாறிச் செல்லும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியையும் சேர்த்துவிட்டது. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா இம்மாநிலச் சட்டமன்றத்தில் 2023இல் நிறைவேறி, ஆளுநரால் நிராகரிக்கப்பட்டதும் செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். இந்தியர்கள் இவ்வளவு செறிந்து வாழும் பள்ளத்தாக்கில் நடக்கும் மகளிரியல் வகுப்பு இதைத் தொடாமல் போவது ஆசிரியரின் அலட்சியம் என்று நான் கருதவில்லை. அவர் கையில் கிடைக்கும் பாடநூல்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஆனாலும் குறை குறைதான்.

அந்தக் குறையை நிரப்பும் வழியை அவரே திறந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இறுதிக் கட்டுரைக்கான தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறப்பினால் மகளுக்கும் மகனைப் போலவே குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்ற அந்தச் சட்டம், நாடு முழுவதற்கும் 2005இல் வந்த திருத்தத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முந்தியது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது: சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே திருமணமாகிவிட்ட மகளுக்கு அந்தப் பங்கு கிடையாது. 1907ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து, திருமணம் என்ற ஒரு நிகழ்வு ஒரு பெண்ணின் சட்ட நிலையை எப்படி மாற்றி எழுதுகிறது என்று ஆராய்ந்தேன். கல்லூரி நூலகத்தின் இணையத் தரவுத்தளங்களில் இந்தியச் சட்ட ஆய்விதழ்கள் கிடைத்தன; கிடைக்காத கட்டுரைகளை வேறு நூலகங்களிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார் நூலகர். ஊரிலிருந்த என் பெரியம்மாவுக்கு நிலத்தில் பங்கு ஏன் மறுக்கப்பட்டது, அவருடைய தங்கைக்கு ஏன் கிடைத்தது என்பதற்கான விடையும் அந்தத் தேடலில் அகப்பட்டது.

புத்தகச் செலவு இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாக ஆசிரியர்கள் 2017இல் வெளியிட்ட இலவச இணையப் பாடநூலும், ஆசிரியர் தொகுத்த கட்டுரைகளும் போதுமானவையாக இருந்தன. வகுப்புப் பட்டியலில் பாடநூல் செலவு இல்லாத பிரிவுகளுக்குத் தனிக் குறியீடு இருக்கும்; அதைப் பார்த்துச் சேர்ந்தால் கணிசமான தொகை மிஞ்சும்.

இணையவழியில் இதே பாடத்தைத் தரும் பிரிவுகளும் உள்ளன. சிறு குழந்தை உள்ளவர்களுக்கு அது வசதி என்பதை மறுக்கவில்லை. எனினும், குறித்த நேரமில்லாத இணைய வகுப்பில் கலந்துரையாடல் என்பது வாரத்துக்கு ஒரு பதிவும் இரண்டு மறுமொழியும் எழுதுவதாகச் சுருங்கிவிடுகிறது என்று அதில் படித்த தோழிகள் சொன்னார்கள். கடன் அட்டையைப் பற்றி எழுந்து பேசிய அந்த அம்மையார் ஒரு பதிவில் அப்படிப் பேசியிருக்க மாட்டார். இந்தப் பாடத்தின் பாதி வலிமை எதிரே இருப்பவரின் குரலில் இருக்கிறது. வீட்டில் ஏற்பாடு செய்ய முடிந்தால் நேரடி வகுப்பையே தேர்ந்தெடுங்கள்.

நிர்வாகத்தின் மீதான என் வருத்தம் சற்றுப் பெரியது. அடுத்த பருவத்துக்குப் பெண்களின் உடல்நலம் பற்றிய பாடம் அட்டவணையில் இருந்தது. பணம் கட்டிப் பதிவு செய்தோம். வகுப்பு தொடங்கும் தறுவாயில், போதிய எண்ணிக்கை சேரவில்லை என்று நீக்கிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் பாடத்தை நம்பி வேலை நேரத்தை மாற்றி வாங்கியிருந்த வகுப்புத் தோழி ஒருவர் அந்தப் பருவத்தையே இழந்தார். அறிமுகப் பாடம் பொதுக்கல்வித் தேவையை நிறைவு செய்வதால் எப்போதும் நிரம்புகிறது, அதற்கு மேற்பட்ட பாடங்களுக்கு எண்ணிக்கை சேர்வது கடினம், சேராததால் நீக்குகிறார்கள், நீக்கப்படும் என்று அஞ்சி யாரும் சேர்வதில்லை. ஒரு துறையை இப்படி நடத்தினால் அது முதல் பாடத்தோடு நின்றுபோகும்.

ஆசிரியர் பகுதிநேரப் பணியில் இருப்பவர். இம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள். கற்பித்தல் நேரத்தில் முக்கால் பங்கை முழுநேர ஆசிரியர்களே ஏற்க வேண்டும் என்ற இலக்கை 1988ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தும் நிலைமை இதுதான். எங்கள் ஆசிரியர் வேறொரு கல்லூரியிலும் வகுப்பெடுத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வருவார். தனி அறை இல்லாததால் நூலகத்தின் மேசையொன்றில் அமர்ந்து மாணவர்களைச் சந்திப்பார். பெண்களின் உழைப்பு எவ்வாறு மலிவாக மதிக்கப்படுகிறது என்ற பாடத்தை அவ்வளவு தெளிவாகக் கற்பித்த ஒருவருக்கே அடுத்த பருவத்தில் வகுப்பு உண்டா என்பது உறுதியில்லை. கல்லூரி இதைச் சரிசெய்ய வேண்டும் என்று பருவ முடிவின் கருத்துப் படிவத்தில் எழுதினேன். அங்கே எழுதியதை இங்கேயும் சொல்கிறேன்.

பட்டம், இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சேர்வது பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த அறிமுகப் பாடம் பொதுவாகச் சமூக அறிவியல் பிரிவில் கணக்கில் கொள்ளப்படுகிறது, எந்தப் பல்கலைக்கழகம் எப்படி ஏற்கும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சில கல்லூரிகளில் சமூக நீதிக் கல்வியில், பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல உதவும் இரண்டாண்டுப் பட்டமும் உண்டு. மகளிரியலை மட்டும் படித்து உடனே வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செவிலியர் படிப்பு, சமூகப் பணி, சட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றோடு சேரும்போது இதன் பயன் பன்மடங்காகிறது. உலகிலேயே முன்னோடியான மகளிரியல் திட்டங்களுள் ஒன்று 1970இல் தொடங்கியது இதே மாநிலத்தின் சான் டியேகோ மாநிலக் கல்லூரியில்தான். ஆகவே நான்காண்டுப் பட்டமாகத் தொடர விரும்புபவருக்கு இங்கே வழி இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரவாசிகளுக்கு அந்நகரச் சமுதாயக் கல்லூரி 2017இல் கட்டணத்தை விலக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே மகளிரியலுக்குத் தனித் துறையும், வன்முறைத் தடுப்புக்காக மாணவர்களையே பயிற்றும் திட்டமும் உள்ளன.

பெண்கள் மட்டும் படிக்க வேண்டிய பாடம் இது என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் இருந்த ஆண்கள் சிலரும் முழுமையாகப் பங்கேற்றார்கள். இராணுவத்திலிருந்து வந்த அந்த இளைஞரின் இறுதிக் கட்டுரை வகுப்பிலேயே சிறந்தது என்று ஆசிரியர் வாசித்துக் காட்டினார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் பள்ளியின் ஒப்புதலோடு சேரலாம்; அவர்களிடம் பெரும்பாலான கல்லூரிகள் யூனிட் கட்டணம் வாங்குவதில்லை. கணினி அறிவியலுக்கு மட்டும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் பெற்றோர், மகனுக்கும் மகளுக்கும் இந்தப் பாடத்தையும் ஒருமுறை எடுத்துக் காட்டலாம்.

சேர்வதற்கு முன்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாடத்திட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். ஆசியாவுக்கு எத்தனை வாரம், இறுதிக் கட்டுரைத் தலைப்பை மாணவர் தேர்ந்தெடுக்கலாமா, வகுப்பு நேரடியா இணையவழியா என்ற மூன்றையும் பாருங்கள். அறிமுகப் பாடத்தை முடித்தவர்கள் மேற்பாடத்துக்குப் பதிவு தொடங்கிய முதல் வாரத்திலேயே சேர்ந்துவிட வேண்டும். உடன் படித்தவர்களையும் அழைத்துச் சேருங்கள். வகுப்பை நீக்குவதா வைப்பதா என்று நிர்வாகம் முடிவு செய்யும் நாளில் பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள்.